ஒரே பிளாக், இரண்டு லேப், இரண்டு பதில்: நியூரோஎண்டோகிரைன் கட்டி ஐஎச்சி ரிப்போர்ட்டில் எதை நம்புவது?

தாமிரபரணி | திங்கள், இரவு 10:40

வணக்கம். இந்தப் பகுதியில் லேப்காரர்களும் டாக்டர்களும் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்.

அம்மாவுக்கு 58 வயது. மூன்று மாதமாக மேல்வயிறு கனமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார், நாங்கள் கேஸ் என்று விட்டுவிட்டோம். அல்ட்ராசவுண்டில் ஈரலில் நான்கைந்து கட்டிகள் தெரிந்தன. ஊசி வழியாகச் சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள்.

முதல் லேப் ரிப்போர்ட்: வேறெங்கிருந்தோ ஈரலுக்குப் பரவிய நியூரோஎண்டோகிரைன் ட்யூமர், அதாவது ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களிலிருந்து வரும் கட்டி. ஐஎச்சி, அதாவது ஆன்டிபாடி கொண்டு திசுவில் புரதங்களைத் தேடும் சோதனையில் வந்தவை: சினாப்டோஃபைசின் பாசிட்டிவ். குரோமோகிரானின் சில இடங்களில் மட்டும் பாசிட்டிவ். டிடிஎஃப்1 நெகட்டிவ், சிடிஎக்ஸ்2 நெகட்டிவ். பாக்ஸ்8 பாசிட்டிவ். கேஐ-67 8 சதவீதம். கடைசியில், சிறுநீரகம், தைராய்டு, கருப்பை, சினைப்பை இவற்றில் மூலக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கவும் என்று ஒரு வரி. பார்த்தோம். எதிலும் ஒன்றும் இல்லை.

சொந்தக்காரர் ஒருவர் செகண்ட் ஒப்பீனியன் வாங்கச் சொன்னார். அதே பிளாக்கை, அதாவது சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியை, வாங்கி வேறு ஊரில் ஒரு லேபில் கொடுத்தோம். அங்கேயும் நியூரோஎண்டோகிரைன் ட்யூமர்தான். ஆனால் பாக்ஸ்8 நெகட்டிவ், கேஐ-67 14 சதவீதம்.

ஒரே அம்மா, ஒரே சதை. ஒருவர் பாசிட்டிவ் என்கிறார், இன்னொருவர் நெகட்டிவ் என்கிறார். எண்ணும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதில் யார் தப்பு?

ஸ்லைடு_ராணி | திங்கள், இரவு 11:15

தம்பி, பதற வேண்டாம். நான் ஹிஸ்டோ லேபில் டெக்னீஷியன், பதினேழு வருடம் ஆகிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரே பிளாக் என்றாலும் இரண்டு லேபும் பார்த்தது ஒரே சதை இல்லை. மெழுகுக் கட்டியிலிருந்து 3 அல்லது 4 மைக்ரான் கனத்தில் சீவி ஒரு ஸ்லைடில் ஒட்டுகிறோம். முதல் லேப் மேலே சீவியிருக்கும், இரண்டாவது லேப் அதற்குக் கீழே சீவியிருக்கும். கேஐ-67 எண் மாறுவதற்கு அது ஒரு காரணம்.

ஆனால் பாக்ஸ்8 மாறியதற்கு அது மட்டும் காரணமாக இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு லேபுக்கும் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பாக்ஸ்8-க்கு எந்த குளோன் வைத்திருக்கிறீர்கள்? பாலிகுளோனலா, மோனோகுளோனலா?" கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாது. ஐஎச்சி டெக்னீஷியனிடம் கொடுக்கச் சொல்லுங்கள். நாங்கள் பாட்டிலைப் பார்த்துச் சொல்லிவிடுவோம்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 7:02

எனக்கு மருத்துவம் தெரியாது, ஆனால் ஒன்று தெரியும். ஒரு டெஸ்ட் என்றால் எங்கே செய்தாலும் ஒரே பதில் வர வேண்டும். சர்க்கரை டெஸ்டில் இரண்டு லேபுக்கும் பத்து புள்ளி வித்தியாசம் வந்தாலே சண்டை போடுகிறோம். இங்கே பாசிட்டிவ் நெகட்டிவ் ஆகிவிட்டது, அதற்கும் ஒரு விளக்கம் வருகிறது. ஒவ்வொரு மார்க்கருக்கும் தனியாகக் காசு வாங்குகிறார்கள். பட்டியல் நீண்டால் பில்லும் நீளும், வேறென்ன.

வெள்ளி_நைட்ரேட் | செவ்வாய், மதியம் 2:30

நான் ஓய்வு பெற்ற பேத்தாலஜிஸ்ட். கணக்குப்பிள்ளை சாருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அவர் கேட்டது நியாயமான கேள்வி. இதைச் சர்க்கரை டெஸ்டோடு ஒப்பிட முடியாது. சர்க்கரை ஒரே ஒரு மூலக்கூறு, அதை மெஷின் அளக்கிறது. ஐஎச்சி என்பது ஆன்டிபாடியை விட்டுத் திசுவில் ஒரு புரதத்தைத் தேடச் சொல்வது. அது போய் ஒட்டிய இடத்தில் பழுப்பு நிறம் விழும். அந்த நிறம் நாம் தேடிய புரதத்தின் மேல்தான் விழுந்ததா, அதற்கு என்ன அர்த்தம் என்பதைக் கண்ணால் பார்த்து ஒரு ஆள்தான் முடிவு செய்கிறார்.

பாக்ஸ் என்பது ஒரு குடும்பம், 1 முதல் 9 வரை ஒன்பது புரதங்கள். அண்ணன் தம்பிகள் மாதிரி முன்பகுதி அச்சு அசலாக ஒன்று போலவே இருக்கும், பின்பகுதிதான் ஆளுக்கு ஆள் வேறு. பாலிகுளோனல் ஆன்டிபாடி எப்படி வருகிறது என்றால், முயலுக்கு அந்தப் புரதத்தின் ஒரு துண்டைச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் ஆன்டிபாடிகளை மொத்தமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதில் பல வகை கலந்திருக்கும். கல்யாண மண்டபத்தில் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அந்த வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள் இல்லையா, அந்த மாதிரிதான். பாக்ஸ்8-க்காக விட்ட பாலிகுளோனல் ஆன்டிபாடி பாக்ஸ்6-லும் போய் ஒட்டிக்கொள்ளும், பாக்ஸ்5-லும் ஒட்டிக்கொள்ளும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் தீவுகள் இருக்கின்றனவே, அந்த செல்களில் இருப்பது பாக்ஸ்6. அதனால் கணையத்தில் பிறந்த நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் பலவற்றில் பாலிகுளோனல் "பாக்ஸ்8" பாசிட்டிவ் காட்டும். உண்மையில் அங்கே பாக்ஸ்8 கிடையாது. பின்பகுதிக்கு எதிராக எடுத்த மோனோகுளோனல், அதாவது ஒரே வகை ஆன்டிபாடி மட்டும் போட்டால் அதே கட்டி நெகட்டிவ். மோனோகுளோனல் என்று பெயர் இருந்தாலே போதும் என்றும் நினைக்கக்கூடாது, அது முன்பகுதிக்கு எதிராக எடுத்ததாக இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும்.

எனவே தாமிரபரணி, இரண்டு லேபும் தப்பு செய்யாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். அது மட்டுமல்ல, இரண்டு பதிலையும் சேர்த்துப் பார்த்தால்தான் துப்பு கிடைக்கிறது. முதல் லேபில் பாலிகுளோனல் என்று தெரிந்தால், சிறுநீரகத்தை விட்டுவிட்டுக் கணையத்தைத் தேடச் சொல்லுங்கள். முதல் லேப் ஸ்லைடிலேயே இன்னொரு சாட்சி இருக்கலாம். ஈரல் திசுவில் அங்கங்கே பி லிம்ஃபோசைட்டுகள் கிடக்கும். அவற்றின் நியூக்ளியஸும் பழுப்பாகியிருந்தால் ஆன்டிபாடி பாக்ஸ்5-ல் ஒட்டுகிறது என்று அர்த்தம்.

என் பெயர் ஏன் வெள்ளி நைட்ரேட் என்று முன்பு ஒரு இழையில் யாரோ கேட்டிருந்தார்கள். நான் படித்த காலத்தில் இந்தக் கட்டிகளுக்கு ஆன்டிபாடியெல்லாம் எட்டாக்கனி. வெள்ளிச் சாயம்தான். மியூனிக்கில் வேலை பார்த்த ஓபர்ன்டார்ஃபர் 1907-ல் சிறுகுடலில் சில சிறு கட்டிகளைப் பார்த்து, புற்று மாதிரி இருக்கிறது ஆனால் சாதுவாக இருக்கிறது என்று "கார்சினாய்டு" எனப் பெயர் வைத்தார். எல்லாம் சாது இல்லை, சில பரவவும் செய்யும் என்று 1929-ல் அவரே திருத்திக்கொண்டார். இடையில் 1914-ல் பிரான்ஸில் மாஸன், குடல்வால் கட்டி செல்கள் வெள்ளி உப்பைத் தாமாகவே கறுப்பாக்குகின்றன என்று காட்டினார். 1968-ல் வந்த கிரிமேலியஸ் முறையைத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பேட்ச் முடிந்தால் மூன்று நாள் விரல் நுனி கறுப்பாக இருக்கும். சாப்பாட்டு மேசையில் வீட்டுக்காரி முறைப்பாள்.

பிஜி_இரண்டாம்_வருடம் | செவ்வாய், மாலை 6:48

சார், பாக்ஸ் விஷயத்தை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் மாட்டிக்கொண்ட கதையையும் சொல்கிறேன், மற்ற பிஜி (முதுநிலை) மாணவர்களுக்கு உதவும்.

போன வருடம் ஈரல் பயாப்ஸி ஒன்று. கூடு கூடாகச் செல்கள், நடுவே மெல்லிய ரத்தக்குழாய்கள். நியூரோஎண்டோகிரைன் என்று மனதில் முடிவு செய்துவிட்டேன். சினாப்டோஃபைசின் பளிச்சென்று பாசிட்டிவ். குரோமோகிரானின் நெகட்டிவ். கெரட்டின் லேசாக. "குரோமோகிரானின் சில நேரம் வராது" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு டிராஃப்ட் எழுதிவிட்டேன். யூனிட் சீஃப் ஸ்லைடைப் பார்த்தார். ஐஎச்சி ஸ்லைடுகளைத் தொடவே இல்லை. எச் அண்ட் இ என்ற வழக்கமான சாயம் போட்ட ஸ்லைடை மட்டும் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "சைட்டோபிளாசம் இவ்வளவு சிவப்பாக, நுரை நுரையாக இருக்கே, அட்ரினலைப் பார்த்தியா?" என்றார். ஸ்கேனில் அட்ரினலில், அதாவது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பியில், பெரிய கட்டி இருந்திருக்கிறது, ரெக்விசிஷன் ஃபாரத்தில் யாரும் எழுதவில்லை. அப்புறம் எஸ்எஃப்1, இன்ஹிபின், மெலன்-ஏ எல்லாம் பாசிட்டிவ். அட்ரினல் கார்டிகல் கார்சினோமா. அதிலும் சினாப்டோஃபைசின் வரும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். படித்திருந்தும் கண்ணில் படவில்லை.

வெள்ளி_நைட்ரேட் | செவ்வாய், இரவு 9:10

உங்கள் சீஃப் நல்ல ஆசிரியர்.

சினாப்டோஃபைசின் சின்னச் சின்னப் பைகளின் உறையில் இருக்கும் புரதம். குரோமோகிரானின் ஹார்மோன் அடைத்த பெரிய குருணைகளுக்கு உள்ளே இருப்பது. குருணை குறைந்த கட்டியில் குரோமோகிரானின் மங்கும், சினாப்டோஃபைசின் நிற்கும். அதனால் முதலாவது எளிதில் பாசிட்டிவ் ஆகும் ஆனால் முழுதாக நம்ப முடியாது, இரண்டாவது நம்பகமானது ஆனால் தவறவிடும். சிடி56 இன்னும் மோசம். நியூரோஎண்டோகிரைன் கட்டியில் வரும், மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றிலும் வரும், கணையத்தில் இளம்பெண்களுக்கு வருகிற சாலிட் சூடோபாப்பிலரி கட்டியிலும் வரும். அந்தக் கட்டியில் சினாப்டோஃபைசினும் கொஞ்சம் வந்து தொலைக்கும். அங்கே பீட்டா கேட்டனின் போட்டு அது நியூக்ளியஸுக்குள் போயிருக்கிறதா என்று பார்த்தால்தான் தப்பிக்கலாம். என்எஸ்இ (நியூரான் ஸ்பெசிஃபிக் எனோலேஸ்) பற்றிப் பேசவே வேண்டாம். பெயரில் ஸ்பெசிஃபிக் இருக்கிறது, குணத்தில் இல்லை. இப்போது வந்திருக்கும் ஐஎன்எஸ்எம்1 எனக்குப் பிடிக்கும். நியூக்ளியஸில் வருவதால் நசுங்கிப்போன நுரையீரல் பயாப்ஸியிலும் படிக்க முடிகிறது.

கெரட்டினை மறக்காதீர்கள். சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் இரண்டும் பளிச்சென்று இருந்து கெரட்டின் மட்டும் வரவில்லை என்றால் பாராகாங்லியோமாவை, அதாவது தானியங்கு நரம்பு முடிச்சுகளை ஒட்டி வரும் கட்டியை நினைக்க வேண்டும். கேட்டா3 போடுங்கள், சுற்றியிருக்கும் தாங்கு செல்களுக்கு எஸ்100 போடுங்கள். முதுகுத்தண்டின் அடியில், குதிரைவால் நரம்புக் கற்றையில் வருவதற்கு மட்டும் விதிவிலக்கு. அங்கே கெரட்டின் வரும். அதனாலேயே அதற்கு இப்போது பெயரையே மாற்றி நியூரோஎண்டோகிரைன் ட்யூமர் ஆக்கிவிட்டார்கள்.

குடல்_நண்பன் | புதன், காலை 6:20

நானும் ஒரு நோயாளி. கொலோனோஸ்கோபியில் மலக்குடலில் 6 மில்லிமீட்டர் பாலிப் கிடைத்தது, எடுத்தார்கள், நெட் (நியூரோஎண்டோகிரைன் ட்யூமரின் சுருக்கம்) என்று வந்தது. என் ரிப்போர்ட்டில் குரோமோகிரானின் நெகட்டிவ். அதை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் தூக்கமில்லை. இணையத்தில் எங்கே பார்த்தாலும் நெட் என்றால் குரோமோகிரானின் பாசிட்டிவ் என்று இருக்கிறது. எனக்கு வந்தது வேறு ஏதோ கெட்ட வகை என்றே நினைத்துவிட்டேன்.

தாமிரபரணி தம்பி, இன்னொன்று. அம்மாவுக்கு ரத்தத்தில் குரோமோகிரானின் டெஸ்ட் எடுத்தார்களா? கேஸ் மாத்திரை சாப்பிட்டால் அது தப்பாக வரும் என்று ஒருவர் சொன்னார். அந்த மாத்திரையால் பயாப்ஸியும் தப்பாக வந்திருக்குமோ?

வெள்ளி_நைட்ரேட் | புதன், காலை 10:05

இது பலருக்கும் வரும் குழப்பம். இரண்டும் வேறு. ரத்தத்தில் அளக்கும் குரோமோகிரானின், பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் மாதிரி மாத்திரைகளால் நன்றாகவே ஏறும். அமிலம் குறைந்தால் கேஸ்ட்ரின் ஏறுகிறது, அது வயிற்றுச் சுவரில் இருக்கும் ஈசிஎல் செல்களைத் தூண்டிவிடுகிறது, அவை குரோமோகிரானினை ரத்தத்தில் கொட்டுகின்றன. நம் ஊரில் காய்ச்சலுக்குப் போனாலும் பான்டோபிரசோல் சேர்த்து எழுதிக் கொடுப்பார்கள், எனவே இந்தப் பிரச்சினை சாதாரணம். ஆனால் ஈரலில் இருக்கும் கட்டியின் செல் நிறம் பிடிப்பதற்கும் அந்த மாத்திரைக்கும் சம்பந்தமில்லை. மாத்திரையை நிறுத்துவது பற்றி டாக்டரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

உங்கள் மலக்குடல் கட்டிக்கு வருகிறேன். அங்கே குரோமோகிரானின் ஏ நெகட்டிவ் ஆவது வழக்கம்தான், கெட்ட அறிகுறி இல்லை. அந்த இடத்துச் செல்கள் பெரும்பாலும் குரோமோகிரானின் பி வகையை வைத்திருக்கும், நாம் வழக்கமாகப் போடுவது ஏ-க்கான ஆன்டிபாடி. இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. மலக்குடல் நெட்டில் புராஸ்டேட்டுக்கான ஆசிட் பாஸ்படேஸ் மார்க்கரும் பாசிட்டிவ் வரும். ஆண் நோயாளி, மலக்குடல் சுவரில் கட்டி, குரோமோகிரானின் நெகட்டிவ், புராஸ்டேட் மார்க்கர் பாசிட்டிவ். அவசரக்காரன் கையில் கிடைத்தால் புராஸ்டேட் புற்றுநோய் என்று எழுதிவிடுவான்.

தாமிரபரணி | புதன், இரவு 9:30

எல்லோருக்கும் நன்றி. ரத்த டெஸ்ட் இன்னும் எடுக்கவில்லை. லேபுக்கு நாளை போன் செய்கிறேன்.

சித்தப்பா ஒருவர் "ஸ்டீவ் ஜாப்ஸுக்கு வந்தது இதுதான், கணையப் புற்றுநோய்" என்று சொல்லி அம்மா முன்னாலேயே பேசிவிட்டார். வீட்டில் ஒரே அழுகை. அப்புறம் கேஐ-67 பற்றி யாரும் சொல்லவில்லையே. 8-ஆ 14-ஆ? 14 என்றால் மோசமா?

வெள்ளி_நைட்ரேட் | புதன், இரவு 11:00

ஜாப்ஸுக்கு இருந்தது கணையத் தீவு செல்களிலிருந்து வந்த நியூரோஎண்டோகிரைன் கட்டிதான். 2003-ல் கண்டுபிடித்தார்கள், 2011-ல் இறந்தார். பொதுவாகக் "கணையப் புற்றுநோய்" என்று மக்கள் பயப்படுவது நாளத்திலிருந்து வரும் அடினோகார்சினோமாவை. அது பரவிவிட்ட பிறகு எட்டு வருடம் என்பது அபூர்வம். இரண்டும் ஒரே உறுப்பு, வேறு நோய். சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். சொன்னாலும் சித்தப்பாக்கள் கேட்பதில்லை, என் அனுபவம்.

கேஐ-67. ஜெர்மனியில் கீல் நகரப் பல்கலைக்கழகத்தில் 1983-ல் அறிவித்த ஆன்டிபாடி. கீல் என்பதிலிருந்து முதல் இரண்டு எழுத்து, வளர்ப்புத் தட்டில் 67-வது குளோன், அவ்வளவுதான் பெயர்க்காரணம். பிரியத் தயாராகிற, பிரிந்துகொண்டிருக்கிற செல்களின் நியூக்ளியஸில் மட்டும் நிறம் விழும், ஓய்வில் இருக்கும் செல்லில் விழாது. நூறு கட்டி செல்லில் எத்தனை பழுப்பு என்பதுதான் அந்தச் சதவீதம்.

செரிமான மண்டலத்திலும் கணையத்திலும் வரும் நெட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வகைப்பாட்டில், 3-க்குக் கீழே என்றால் கிரேடு 1, 3 முதல் 20 வரை கிரேடு 2, 20-க்கு மேல் கிரேடு 3. செல் பிரிவுகளையும் 2 சதுர மில்லிமீட்டர் பரப்பில் எண்ண வேண்டும், இரண்டில் எது கூடுதலான கிரேடு காட்டுகிறதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் அம்மாவுக்கு 8 என்றாலும் 14 என்றாலும் கிரேடு 2தான். வித்தியாசத்துக்குக் காரணம், கட்டி முழுவதும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. பழுப்பு அதிகமாகத் தெரியும் இடத்தைத் தேடி அங்கே குறைந்தது 500 செல்களை எண்ணச் சொல்கிறது விதி. ஊசி பயாப்ஸியில் அந்த இடம் வந்து விழுந்ததா இல்லையா என்பதே அதிர்ஷ்டம்.

அதனால் எண்ணைக் கடவுள் வாக்காக நினைக்க வேண்டாம். அதற்காக எண்ணாமல் விடவும் முடியாது. 8-க்கும் 14-க்கும் சண்டை போடத் தேவையில்லை. 2-க்கும் 4-க்கும் நடுவே, 18-க்கும் 23-க்கும் நடுவே என்றால் கிரேடே மாறிவிடும், அங்கே சண்டை போட்டே ஆக வேண்டும்.

பிஜி_இரண்டாம்_வருடம் | வியாழன், காலை 8:15

சார், உண்மையைச் சொன்னால் எங்களில் பாதிப்பேர் எண்ணுவதில்லை. மைக்ராஸ்கோப்பில் 10 எக்ஸ் லென்ஸில் ஒரு பார்வை, "சுமார் 5" என்று எழுதுகிறோம். ஒரு நாளில் அறுபது கேஸ் வரும்போது 500 செல் எண்ண எங்கே நேரம்?

வெள்ளி_நைட்ரேட் | வியாழன், காலை 11:20

அந்த "சுமார்"தான் என் காலத்திலும் எழுதினோம், அதனால் உங்களைத் திட்ட எனக்கு முகமில்லை. ஆனாலும் சொல்கிறேன். கேமராவில் ஒரு படம் எடுத்து, ஏ4 தாளில் அச்சடித்து, பேனாவால் ஒவ்வொரு நியூக்ளியஸாக அடித்துக்கொண்டே எண்ணுங்கள். பத்து நிமிடம் ஆகும். ஒருமுறை செய்து பார்த்தால் உங்கள் கண் எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரியும். ஈரல் பயாப்ஸியில் லிம்ஃபோசைட்டுகளும் ரத்தக்குழாய் உட்சுவர் செல்களும் நடுவே புகுந்து பழுப்பாக நிற்கும், அவற்றையும் சேர்த்து எண்ணிக் கிரேடு 1-ஐக் கிரேடு 2 ஆக்கியவர்கள் உண்டு.

20-க்கு மேல் வந்தால் வேலை இன்னும் கூடும். முன்பெல்லாம் 20-க்கு மேல் என்றாலே நெக், அதாவது கார்சினோமா என்று தள்ளிவிடுவோம். 2017-ல் கணையத்துக்கும் 2019-ல் மற்ற செரிமான உறுப்புகளுக்கும் "நெட் கிரேடு 3" என்று தனி அறை கொடுத்தார்கள். வேகமாக வளர்கிறது, ஆனால் உருவம் இன்னும் நெட் மாதிரியே இருக்கிறது என்ற வகை. அதையும் நெக்கையும் பிரிக்க எச் அண்ட் இ தடுமாறினால் பி53-ம் ஆர்பியும் போடுவோம். பி53 கன்னாபின்னாவென்று பாசிட்டிவ் ஆகவோ முழுதாக அணைந்தோ இருந்தால், ஆர்பி காணாமல் போயிருந்தால் நெக் பக்கம். கணையத்தில் ஏடிஆர்எக்ஸ் அல்லது டாக்ஸ் காணாமல் போயிருந்தால் நெட் பக்கம். சிகிச்சையே வேறு, அதனால்தான் இவ்வளவு மெனக்கெடுகிறோம்.

நுரையீரலுக்கு இந்த 3, 20 கணக்கு கிடையாது. அங்கே செல் பிரிவும் திசு அழுகலும்தான் கணக்கு. கேஐ-67 அங்கே துணைக்கு வருவது, நசுங்கிய பயாப்ஸியில் சாதுவான கார்சினாய்டை ஸ்மால் செல் என்று எழுதிவிடாமல் இருக்க.

கணக்குப்பிள்ளை | வியாழன், மதியம் 1:00

சரி, பாக்ஸ் விளக்கம் எனக்குப் புரிந்தது, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அப்படியென்றால் ஒரேயடியாகப் பதினைந்து இருபது மார்க்கரும் போட்டுவிட்டால் சந்தேகமே இருக்காதே? காசு போனால் போகட்டும்.

ஸ்லைடு_ராணி | வியாழன், மாலை 5:45

சார், நீங்கள் முந்தாநாள் பில் நீளுகிறது என்றீர்கள், இன்று இருபது போடச் சொல்கிறீர்கள்!

காசு இருந்தாலும் சதை இருக்காது. ஊசி பயாப்ஸி என்பது சேமியா கனம்கூட இருக்காத ஒரு இழை. ஒவ்வொரு முறை பிளாக்கை மைக்ரோடோமில் பூட்டும்போதும் முகம் சரிசெய்ய முதல் சில சீவல்கள் வீணாகும். மூன்று நாள் விட்டு மூன்று முறை "இன்னும் இரண்டு மார்க்கர்" என்று கேட்டால், மூன்று முறை அந்த வீணடிப்பு. கடைசியில் பிளாக்கில் மெழுகுதான் மிஞ்சும். இந்த மாதிரி கேஸில் முதல் தடவையே பத்துப் பன்னிரண்டு சீவலைச் சாயம் போடாமல் ஸ்லைடில் எடுத்து வைத்துவிடச் சொல்ல வேண்டும். அதையும் மாதக்கணக்கில் வைக்கக்கூடாது, சில மார்க்கர்கள் மங்கிவிடும்.

ஆன்டிபாடி மேல் பழி போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன. திசு எடுத்தவுடன் ஃபார்மலினில் போட்டார்களா, எத்தனை மணி நேரம் ஊறியது என்பது பெரிய விஷயம். சனிக்கிழமை மதியம் எடுத்த பயாப்ஸி உப்புத் தண்ணீரில் திங்கட்கிழமை வரை கிடந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதில் எந்த மார்க்கர் போட்டு என்ன? ஃபார்மலின் புரதங்களைப் பின்னிப் பிணைத்துவிடும், அந்தப் பிணைப்பை அவிழ்க்கக் கொதிக்க வைக்கிறோம். என் முதல் லேபில் அதற்குச் சமையல் பிரஷர் குக்கர்தான். விசில் எண்ணுவோம். பெரிய லேப்களில் இப்போது மெஷின், ஆனால் குக்கர் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அப்புறம் ஈரல் என்றால் கூடுதல் கவனம். ஈரல் செல்லில் இயற்கையாகவே பயோட்டின் நிறைய. பழைய அவிடின் பயோட்டின் கிட் போட்டால் ஆன்டிபாடி ஒட்டாத இடத்திலும் பழுப்பு ஏறும். இப்போது பெரும்பாலும் பாலிமர் கிட், அந்தத் தொல்லை இல்லை. எதுவாக இருந்தாலும் கூடவே கண்ட்ரோல் ஸ்லைடு ஓட வேண்டும். குரோமோகிரானினுக்கு நாங்கள் கணையம் வைப்போம், தீவுகள் மட்டும் பழுப்பாகிச் சுற்றியிருப்பது வெளுப்பாக இருக்க வேண்டும். கேஐ-67-க்கு டான்சில். கண்ட்ரோல் சரியில்லை என்றால் நான் ஸ்லைடை மேலே அனுப்பமாட்டேன். டாக்டர் கத்துவார். கத்தட்டும்.

தாமிரபரணி | வெள்ளி, மாலை 7:10

லேபுக்குப் போன் செய்தேன். முதல் லேபில் மூன்று பேர் கைமாறி ஒரு அக்கா பேசினார். பாட்டிலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: பாலிகுளோனல். இரண்டாவது லேபில் மோனோகுளோனல். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. முதல் லேப் டாக்டரே பிறகு திருப்பி அழைத்தார். ஸ்லைடை மறுபடி பார்த்தாராம், லிம்ஃபோசைட்டுகளும் நிறம் பிடித்திருக்கின்றன என்றார். திருத்திய ரிப்போர்ட் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கோபமாகப் பேச வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன், அவர் பேசிய விதத்தில் ஒன்றும் பேசத் தோன்றவில்லை.

வெள்ளி_நைட்ரேட் | வெள்ளி, இரவு 8:40

நல்ல மனிதர். திருத்திய ரிப்போர்ட் எழுத ஒரு பேத்தாலஜிஸ்டுக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இனி உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியவை. மிச்சம் சதை இருந்தால் இரண்டாவது லேபில் ஐலெட்1 போட முடியுமா என்று கேளுங்கள். அது கணையம் பக்கம் சாய்ந்தால் பாக்ஸ் சொன்னதோடு பொருந்தும். டியோடினம், மலக்குடலிலும் அது வரும் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. சிடிஎக்ஸ்2 நெகட்டிவ் என்பதால் சிறுகுடல் பின்னால் போகிறது, டிடிஎஃப்1 நெகட்டிவ் என்பதை வைத்து நுரையீரலை முழுதாக விலக்க முடியாது, பல கார்சினாய்டுகளில் அது வருவதில்லை, ஓடிபி என்ற மார்க்கர் அங்கே மேல். எஸ்எஸ்டிஆர்2 (சோமடோஸ்டாட்டின் ஹார்மோனுக்கான ஏற்பி) போட்டால் செல்லின் ஓரத்தில் வேலி கட்டினது போல நிறம் விழுகிறதா என்று தெரியும். விழுந்தால் காலியம்-68 டோட்டாடேட் பெட் ஸ்கேனில் கட்டி ஒளிரும், ஏனென்றால் அந்த ஸ்கேன் மருந்து போய் ஒட்டுவதும் அதே ஏற்பியில்தான். சதை இல்லை என்றால் கவலை வேண்டாம், நேராக ஸ்கேனே எடுத்துவிடலாம். சர்க்கரை போன்ற மருந்து வைத்து எடுக்கும் சாதாரண எஃப்டிஜி பெட் எடுத்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று வராதீர்கள், மெதுவாக வளரும் நெட் அதில் மங்கலாகத்தான் இருக்கும்.

தாமிரபரணி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு

அப்டேட் போடாமல் போனதற்கு மன்னிக்கவும், அலைச்சல். ஐலெட்1 பாசிட்டிவ், எஸ்எஸ்டிஆர்2 நன்றாகவே பாசிட்டிவ். டோட்டாடேட் ஸ்கேனில் கணையத்தின் வால் பகுதியில் இரண்டரை சென்டிமீட்டர் கட்டி. முதல் அல்ட்ராசவுண்டில் குடலில் காற்று மறைத்து அந்த இடம் தெரியவில்லையாம். பல துறை டாக்டர்கள் சேர்ந்த ட்யூமர் போர்டில் பேசி, இப்போதைக்கு நான்கு வாரத்துக்கு ஒரு ஊசி. ஸ்கேனில் ஒளிர்வதால் தேவைப்பட்டால் பின்னால் லுடீசியம் என்ற கதிரியக்க மருந்து சிகிச்சைக்கும் வழி இருக்கிறது என்றார்கள். அம்மா முதல் ஊசி போட்டுக்கொண்டு வந்து இரவு தோசை மூன்று சாப்பிட்டார்.

ஒரு சந்தேகம். இரண்டாவது லேபிலிருந்து பிளாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முதல் லேபில் ஒப்படைக்க அடுத்த மாதம்தான் போக முடியும். அதுவரை ஃபிரிட்ஜில் வைக்கலாமா? இப்போது அம்மா அதை ஒரு டப்பாவில் போட்டு சாமி அலமாரியில் வைத்திருக்கிறார்.

ஸ்லைடு_ராணி | ஞாயிறு, இரவு 9:25

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஃபிரிட்ஜ் வேண்டாம், பீரோவில் வெயில் படாத தட்டு போதும். காரில் விட்டுவிடாதீர்கள், உங்கள் ஊர் வெயிலுக்கு மெழுகு உருகிவிடும். பிளாக்கை ஒப்படைக்கும்போது கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அதில் ஒரு எண் ஒட்டியிருக்கும், போட்டோ எடுத்து வையுங்கள். அம்மாவிடம் சொல்லி சாமி அலமாரியிலிருந்து மட்டும் இன்றே எடுத்துவிடுங்கள், விளக்கு பக்கத்திலேயே இருக்கும்.